ரீகால் கடிதம் எந்த விலாசத்துக்கு வரும்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படித்தால் சௌகரியம்.

ஹைதராபாத்தில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து மச்சினர், நாத்தனார் என்று விருந்தாளி வந்துவிட்டால் ஒரு மாமூல் பட்டியல் உண்டு. சார்மினார், கோல்கொண்டா, ராமோஜி பிலிம் சிட்டி. மூன்று நாளில் அது தீர்ந்துவிடும். நாலாவது நாள் ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு ரிசார்ட். அங்கே நீச்சல் குளத்தை விட்டால் பிள்ளைகள் ஓடுவது குண்டு டயர் போட்ட நாலு சக்கர பைக்கைப் பார்த்துத்தான். குவாட் பைக் என்பார்கள், ஏ.டி.வி. என்பார்கள். ஒரு ரவுண்டுக்கு இவ்வளவு என்று டிக்கெட். அப்பா ஓட்ட, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மூன்று பேராக ஏறி செம்மண் மேட்டில் ஒரு சுற்று. அம்மா கீழே நின்று செல்போனில் படம் எடுப்பார்.

அந்த வண்டிக்கு நம்பர் பிளேட் இருக்காது. ஆர்.சி. இருக்காது. நான் படித்தது பி.காம்., பிழைப்பது வங்கியில். இஞ்சின் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் 'இது யார் பேரில், எந்த ரிஜிஸ்தரில் இருக்கிறது?' என்று கேட்கும் வியாதி எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. அந்த மாடலில் ஒரு கோளாறு இருப்பதாகக் கம்பெனியே கண்டுபிடித்து 'திரும்பக் கொண்டு வாருங்கள்' என்று அறிவித்தால், அந்தச் சேதி யாருக்குப் போய்ச் சேரும்? இதைத் தேடிப் போனபோது ஐம்பது வருஷச் சரித்திரம் ஒன்று கிடைத்தது. அது கடைசியில் ரிசார்ட்டை விட்டு நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கே வந்து சேர்ந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

பனிக்காலத்துக்கு ஒரு வண்டி

1960-களின் கடைசியில் அமெரிக்காவில் ஹோண்டா மோட்டார் சைக்கிள் டீலர்களுக்கு ஒரு கஷ்டம். குளிர்காலம் வந்தால் பைக் விற்காது. பனியிலும் சேற்றிலும் ஓடுகிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று கேட்டார்கள். ஒசாமு டகெயுச்சி என்ற ஹோண்டா இஞ்சினியர் செய்து கொடுத்தது மூன்று சக்கர வண்டி. பலூன் மாதிரி உப்பிய, காற்றழுத்தம் குறைந்த டயர்கள். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எதுவும் கிடையாது, டயரேதான் எல்லாம். 1970-இல் யு.எஸ். 90 என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பிறகு அதுவே ஏ.டி.சி. 90 ஆனது. 1971-இல் வந்த 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தில் ஜேம்ஸ் பாண்டாக வரும் சான் கானரி பாலைவனத்தில் ஓட்டிக்கொண்டு போவாரே, அதேதான்.

வண்டி அமோகமாக ஓடியது. பண்ணைக்காரர்கள் வேலைக்கு வாங்கினார்கள். 1980-கள் பிறந்ததும் மற்ற ஜப்பானியக் கம்பெனிகளும் குதித்தன. இஞ்சின் சக்தி ஏறிக்கொண்டே போனது. விளம்பரங்களில் குடும்பம், குழந்தைகள், சிரிப்பு. லைசென்ஸ் வேண்டாம், ரோடு வேண்டாம், வயசு வேண்டாம். பத்து வயசுப் பையனுக்குப் பிறந்த நாள் பரிசாக வாங்கிக் கொடுத்தவர்கள் ஏராளம்.

ஏன் கவிழ்ந்தது?

'நம்ம ஊர் ஆட்டோவுக்கும் மூன்று சக்கரம்தானே, அது ஓடவில்லையா?' என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பாலாநகரில் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் என் வாடிக்கையாளர் ஒருவர் டீ டம்ளரையும் பேனாவையும் வைத்து விளக்கினார்.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைந்த தூரம். ஆட்டோவில் இதற்காகவே டிஃபரன்ஷியல் என்று ஒரு பல்சக்கர அமைப்பு பின்னால் இருக்கிறது. இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது இடம் கொடுக்கும். அந்த ஏ.டி.சி. வண்டியில் அது கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒரே தண்டில் இறுக்கிப் பூட்டியிருக்கும். ஹேண்டில் பாரைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். ஓட்டுகிறவர் வெளிப்பக்கக் கால்மிதியில் எடையைப் போட்டு, உடம்பை உள்பக்கம் சாய்த்து, உள்பக்கச் சக்கரத்தின் பிடியை விடுவித்தால்தான் திரும்பும். இது பழகியவர்களுக்கு வரும். முப்பது கிலோ எடையுள்ள ஒரு பையனுக்கு அதைச் செய்ய உடம்பில் கனமே கிடையாது.

போதாததற்கு, முன்னால் ஒரே சக்கரம். திரும்பும்போது பிரேக் போட்டால் எடை முழுவதும் முன்பக்க ஓரமாகச் சாய்கிறது, அங்கே தாங்க சக்கரம் இல்லை. சைக்கிள் பழக்கத்தில் காலைத் தரையில் ஊன்றினால், பின் சக்கரம் காலின் மேலேயே ஏறிவிடும். ஓட்டியவரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் லட்சக்கணக்கான பேர் ஒரே மாதிரி விழுகிறார்கள் என்றால் வண்டியைத்தானே பார்க்க வேண்டும்?

எண்ணத் துவங்கிய பிறகு

அமெரிக்காவில் 1972-இல் ஒரு சட்டம் போட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். ரோட்டில் ஓடும் கார், பைக்குக்குத் தனி இலாகா இருந்தது. ரோட்டில் ஓடாத இந்த வண்டிகள் மிக்சி, பொம்மை, ஏணியோடு சேர்ந்து இந்த ஆணையத்தின் கீழ் வந்தன. ஆணையம் செய்த உருப்படியான காரியம், நாடு முழுக்கத் தேர்ந்தெடுத்த ஆஸ்பத்திரிகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து கணக்கு வாங்கியது. யாருக்கு என்ன காயம் என்பதோடு, எந்தப் பொருளால் என்பதற்கும் ஒரு குறியீட்டு எண். கட்டிலிலிருந்து விழுந்தால் ஒரு எண், ஏ.டி.வி.யிலிருந்து விழுந்தால் வேறு எண். மாதிரி ஆஸ்பத்திரிகளின் எண்ணிக்கையை வைத்து நாடு முழுவதற்கும் மதிப்பிட்டார்கள்.

வங்கியில் தினமும் சாயங்காலம் கணக்கை நேர் செய்கிற மாதிரி ரொம்ப சலிப்பான வேலைதான். ஆனால் அந்தச் சலிப்பான வேலை இல்லாமல் இந்தக் கதையே வெளியே வந்திருக்காது. ஒரு கிராமத்தில் ஒரு பையன் விழுந்தால் அது அந்த வீட்டின் துக்கம். அத்தனையையும் கூட்டிப் பார்த்தபோது 1986-இல் மட்டும் அவசர சிகிச்சைக்குப் போனவர்கள் 80,000-க்கும் மேல். செத்தவர்களின் எண்ணிக்கை 1982-லிருந்து எண்ணிப் பல நூறுகளைத் தொட்டது. அதில் கணிசமானவர்கள் பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகள்.

வித்தது வித்ததுதான்

1987 டிசம்பரில் அமெரிக்க நீதித்துறை, ஆணையத்தின் சார்பில் ஹோண்டா, யமஹா, சுசுகி, கவாசாகி, பொலாரிஸ் ஆகிய ஐந்து கம்பெனிகள் மேல் வழக்குப் போட்டது. 1988 ஏப்ரலில் நீதிபதி கெர்ஹார்ட் கெஸல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தீர்வுக்கு முத்திரை போட்டார். புது மூன்று சக்கர வண்டி விற்பனை நிற்க வேண்டும். டீலர்களிடம் இருக்கும் சரக்கைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். 90 சி.சி.க்கு மேற்பட்ட வண்டியைப் பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு என்று விற்கக் கூடாது. வாங்குகிறவர் குடும்பத்துக்கு இலவசப் பயிற்சி, வண்டியில் எச்சரிக்கை ஸ்டிக்கர். பத்து வருஷத்துக்கு இந்த ஏற்பாடு.

கொசுறு: இதே நீதிபதிதான் 1971-இல், வியட்நாம் போர் ரகசிய ஆவணங்களை வாஷிங்டன் போஸ்ட் வெளியிடுவதைத் தடுக்க மறுத்தவர்.

நிற்க. இந்தத் தீர்வில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதைக் கவனித்தீர்களா? டீலர் கடையில் நின்ற வண்டி திரும்பிப் போனது. வீடுகளில் நின்ற லட்சக்கணக்கான வண்டிகள் அங்கேயே நின்றன. நுகர்வோர் அமைப்புகள் 'வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்' என்று கேட்டன. கிடைக்கவில்லை. வித்தது வித்ததுதான் என்று ஆகிவிட்டது. ஒரு பொருளை விற்பதை நிறுத்துவது வேறு, விற்ற பொருளைத் திரும்பப் பெறுவது வேறு. முன்னதற்குக் கடையை மூடினால் போதும். பின்னதற்கு ஒவ்வொரு வாங்கியவரையும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், செலவும் செய்ய வேண்டும். பண்ணையில் ஓடும் வண்டி பல இடங்களில் பதிவே ஆகாதது, யாரிடம் இருக்கிறது என்று எங்கும் எழுதியில்லை.

மூன்று சக்கரம் போய் நாலு சக்கரம் வந்தது. அந்த ஒப்பந்தம் 1998-இல் காலாவதியானது. அதில் கையெழுத்துப் போடாத சீனக் கம்பெனிகளின் மலிவு வண்டிகள் உள்ளே வந்தன. 2008-இல் சட்டம் திருத்தித்தான் புது மூன்று சக்கர ஏ.டி.வி.க்களை இறக்குமதி செய்யவும் விற்கவும் தடை போட்டார்கள், நாலு சக்கரத்துக்கான தர விதிகளையும் கட்டாயமாக்கினார்கள். முதல் வண்டி விற்று முப்பத்தெட்டு வருஷம் கழித்து! நாலு சக்கரம் வந்ததால் சாவு நின்றுவிடவில்லை. 1982-லிருந்து கணக்கெடுத்தால் அங்கே ஏ.டி.வி. விபத்தில் இறந்த பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டும் 3,000-க்கும் மேல்.

ஐம்பது மில்லிமீட்டர்

அடுத்த தலைமுறை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் வண்டி. கூரைக் கம்பி, சீட் பெல்ட் எல்லாம் உண்டு. யமஹாவின் ரைனோ இதில் பிரபலம். 2009 மார்ச் 31 அன்று யமஹாவும் ஆணையமும் சேர்ந்து ஒரு அறிவிப்பு வெளியிட்டன. சுமார் 1,20,000 வண்டிகள். ஆணையம் விசாரித்த ஐம்பதுக்கும் மேற்பட்ட சம்பவங்களில் 46 சாவுகள். மூன்றில் இரண்டு பங்கு வண்டி உருண்டதால். அதிலும் பல, சமதரையில், மிதமான வேகத்தில் திரும்பும்போது.

பரிகாரம் என்ன தெரியுமா? பின் சக்கரங்களுக்கு 50 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டு அகலப்படுத்துவது, பின்பக்கத்து ஆண்டி ஸ்வே பார் என்ற கம்பியைக் கழற்றுவது. அவ்வளவுதான். ஷெட்டில் ஒரு மெக்கானிக் முடித்துவிடக்கூடிய வேலை. வேலை சின்னது, ஆனால் அந்த 1,20,000 வண்டியும் ஷெட்டுக்கு வந்து சேர வேண்டும்.

இருபத்து நாலு மணி நேரம்

2016 ஏப்ரலில் பொலாரிஸ் கம்பெனி ஆர்.இசட்.ஆர். 900, 1000 வகைகளில் சுமார் 1,33,000 வண்டிகளைத் திரும்பப் பெற்றது. இங்கே கோளாறு கவிழ்வது இல்லை, எரிவது. 160-க்கும் மேற்பட்ட தீ விபத்துகள், 19 பேருக்குக் காயம். வண்டி உருண்டு தீப்பிடித்ததில் உடன் பயணம் செய்த பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள்.

அமெரிக்கச் சட்டப்படி, ஒரு கம்பெனிக்குத் தன் பொருளில் ஆபத்தான கோளாறு இருப்பது தெரியவந்தால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் ஆணையத்துக்குச் சொல்லியாக வேண்டும். பொலாரிஸ் தாமதித்தது என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2018 ஏப்ரலில் 2 கோடியே 72 லட்சத்து 50 ஆயிரம் டாலர் அபராதம் கட்டக் கம்பெனி சம்மதித்தது.

காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு இந்த இடம் முக்கியம். ரீகால் என்றால் கம்பெனிக் கணக்கில் உடனே ஒரு செலவு ஒதுக்கீடு எழுத வேண்டும், அந்தக் காலாண்டு லாபம் அடிவாங்கும். இன்னும் ரெண்டு மாசம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட ஆசை வருவது இயற்கை. வாராக்கடனை மார்ச் முடியும்வரை நல்ல கடன் என்று காட்டப் பார்க்கும் அதே மனசுதான். தள்ளிப்போடுவதன் செலவு, ஒப்புக்கொள்வதன் செலவை விட அதிகம் என்று ஆக்கினால்தான் அந்த ஆசை அடங்கும். இருபத்து நாலு மணி நேரக் கெடுவும் அபராதமும் அதற்குத்தான்.

சரி, நம் ஊருக்கு வருவோம்

பொலாரிஸ் 2011-இல் இந்தியாவிலும் கடை விரித்தது. அதற்கு முன்னும் பின்னும் இறக்குமதி வண்டிகள் ரிசார்ட்டுகளுக்கும் கடற்கரைகளுக்கும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

அந்தக் காலத்தில் நம்மிடம் வாகன ரீகாலுக்குச் சட்டமே கிடையாது. 2012 ஜூலையில் வாகன உற்பத்தியாளர் சங்கமான சியாம் தானாக முன்வந்து ஒரு நடைமுறையை அறிவித்தது. விற்று ஏழு வருஷத்துக்குட்பட்ட வண்டியில் பாதுகாப்புக் கோளாறு இருந்தால் கம்பெனியே கூப்பிட்டுச் சரி செய்யும். செய்யாவிட்டால்? ஒன்றுமில்லை. விருந்துக்கு வராதவனுக்கு அபராதமா போட முடியும்?

2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சுற்றுச்சூழலுக்கோ, ஓட்டுநருக்கோ, பயணிக்கோ, ரோட்டில் போகும் மற்றவர்களுக்கோ தீங்கு செய்யக்கூடிய கோளாறு இருந்தால் மத்திய அரசு ரீகால் உத்தரவு போடலாம். கம்பெனி வண்டியைச் சரி செய்ய வேண்டும், அல்லது மாற்றித் தர வேண்டும், அல்லது முழு விலையையும் திருப்பித் தர வேண்டும். விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன. வண்டியின் ரகத்தையும் எண்ணிக்கையையும் பொறுத்து அபராதம் 10 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை.

அதே பிரிவில் ஒரு நல்ல உட்பிரிவு இருக்கிறது. கம்பெனியே கோளாறைக் கண்டுபிடித்து அரசுக்குச் சொல்லி ரீகால் துவங்கினால் அபராதம் கிடையாது. முழு விலையைத் திருப்பித் தருவது பற்றிய வரியில் 'ஹைபோதிகேஷன் ஒப்பந்தத்துக்கு உட்பட்டு' என்றும் இருக்கிறது. அதாவது வண்டி மேல் கடன் இருந்தால் எங்கள் பங்கு பத்திரம் :-)

இந்தியாவில் 'ஆஃப் ரோடு' என்றால் ரிசார்ட் வண்டியை விட எல்லோர் நினைவுக்கும் முதலில் வருவது தார்தான். புதுத் தார் வந்த சில மாதங்களில், 2021 பிப்ரவரியில், மஹிந்திரா 1,577 டீசல் தார் வண்டிகளைக் கேம்ஷாஃப்ட் மாற்றக் கூப்பிட்டது. 2020 செப்டம்பர் 7 முதல் டிசம்பர் 25 வரை தயாரானவை மட்டும். அதே வருஷம் மே மாதம் நம்ம சென்னை ராயல் என்ஃபீல்டு 2,36,966 புல்லட், கிளாசிக், மீட்டியார் பைக்குகளை இக்னிஷன் காயில் கோளாறுக்காகக் கூப்பிட்டது. உண்மையில் காயில் மாற்ற வேண்டியவை பத்து சதவீதத்துக்கும் குறைவு என்றது கம்பெனி. ஆனால் எந்த வண்டி என்று பிரித்தறிய எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

2022-ஐ மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச்சில் வேலூரில், வீட்டில் சார்ஜில் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் எரிந்து அப்பாவும் மகளும் இறந்தார்கள். ஏப்ரலில் நம் தெலங்கானா நிஜாமாபாத்தில் ஸ்கூட்டர் பேட்டரி வீட்டுக்குள் வெடித்து 80 வயதுப் பெரியவர் இறந்தார். அந்த ஏப்ரலிலேயே ஒகினாவா 3,215, ஓலா 1,441, ஹைதராபாத் கம்பெனியான பியூர் இ.வி. 2,000 என்று அடுத்தடுத்து ரீகால் அறிவிப்பு. கோளாறுள்ள பேட்ச் வண்டிகளை நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி கம்பெனிகளை எச்சரித்ததும் அந்த மாதம்தான். ஆக, ரோட்டில் ஓடும் வண்டிக்கு ஒரு ஏற்பாடு, அரைகுறையாகவாவது, வந்துவிட்டது.

ரிசார்ட் வண்டிக்கு? மோட்டார் வாகனச் சட்டம் 'மோட்டார் வாகனம்' என்றால் என்ன என்று சொல்லும் 2(28) பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடும்படி அமைத்த தனி ரக வண்டி இதில் சேராது. பதிவு செய்யாத ரிசார்ட் வண்டிகள் நிற்பது இந்த விலக்கின் நிழலில்தான். அங்கே விழுந்தால் அது சாலை விபத்துக் கணக்கிலும் வராது. வேறு வழி இல்லாமல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2020 ஜூலையில் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஆபத்தான பொருட்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் இருக்கிறது. ஆனால் உத்தரவிட முதலில் யாராவது எண்ணியிருக்க வேண்டும், புகார் கொடுத்திருக்க வேண்டும். அடி பட்டால் 'பையன் விழுந்துட்டான்' என்று ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்துவிடுகிறோம். எந்தக் கம்பெனி வண்டி, எந்த மாடல் என்று எழுதி வைப்பவர் எத்தனை பேர்?

பாலாநகர் பட்டறைகளில் பார்த்தது

எங்கள் பாலாநகர் ஒரு காலத்தில் ஐ.டி.பி.எல். மருந்துத் தொழிற்சாலையால் பேர் பெற்றது. ஹெச்.ஏ.எல்., மத்திய கருவி வடிவமைப்பு நிறுவனம், எம்டார் எல்லாம் இங்கேதான். இவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன ஷெட்டுகள். நம் ஊரிலிருந்து வந்து செட்டிலான லேத்துக்காரர்களும் உண்டு. ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷனுக்கு அந்த ஷெட்டுகளுக்குப் போவது என் வேலை.

விமானத்துக்குப் பாகம் செய்யும் ஷெட்டில் விரல் நீளத்தில் ஒரு பின் செய்தாலும் அதனோடு ஒரு ரூட் கார்டு நடக்கும். எந்த இரும்பு, அதன் ஹீட் நம்பர் என்ன, எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், யார் அளந்தார், எல்லாம் அதில். பத்து வருஷம் கழித்து ஒரு பின் உடைந்தால், அதே ஹீட் நம்பரில் செய்த மற்ற பின்கள் எங்கே போயின என்று சொல்லிவிடலாம். பக்கத்து ஷெட்டில் வெளி மார்க்கெட்டுக்குச் செய்யும் அதே மாதிரிப் பின், சாக்கு மூட்டையில் கொட்டிக் கிடக்கும். இரும்பிலோ கைத்திறனிலோ பெரிய வித்தியாசம் இருக்காது. எழுதி வைப்பதில்தான் வித்தியாசம். ஏழாம் தேதியிலிருந்து இருபத்தைந்தாம் தேதி வரை என்று ஒரு கம்பெனி துல்லியமாகச் சொல்ல முடிகிறது என்றால் எங்கோ ஒரு ஷெட்டில் யாரோ சோம்பல் படாமல் கார்டு எழுதியிருக்கிறார் என்று அர்த்தம்.

கடைசிக் கண்ணி நாம்தான்

தொழிற்சாலை எழுதி வைத்தது. கம்பெனி ஒப்புக்கொண்டது. கடிதம் கிளம்புகிறது. எந்த விலாசத்துக்கு? கம்பெனியிடமோ ஆர்.சி.யிலோ இருக்கும் விலாசத்துக்கு.

இங்கேதான் பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம்மைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்கிறோம். கரூரிலோ மதுரையிலோ வண்டி வாங்கியிருப்போம். விலாசம் அப்பா வீடு. மொபைல் நம்பர் அப்போது வைத்திருந்த பழைய நம்பர். மாற்றலாகி வண்டியை ரயிலில் ஏற்றி ஹைதராபாத் கொண்டு வந்துவிடுவோம். சட்டம் என்ன சொல்கிறது? விலாசம் மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு நம் ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி., இங்கே மறுபடி வரி, அங்கே கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு அலைச்சல். 'அடுத்த வருஷம் மறுபடி மாற்றல் வரும், பார்த்துக்கலாம்' என்று டி.என். நம்பரிலேயே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்களை நீங்களும் நானும் அறிவோம். நம்மைப் போன்றவர்களுக்காக 2021 செப்டம்பரில் வந்ததுதான் பி.ஹெச். வரிசை நம்பர். மத்திய, மாநில அரசு ஊழியர்கள், அரசு வங்கிக்காரர்கள், நாலு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் ஆபீஸ் உள்ள தனியார் கம்பெனி ஊழியர்கள் வாங்கலாம். மாநிலம் மாறினால் மறுபதிவு வேண்டாம். ஆனால் அதிலும் விலாசத்தை மாற்ற வேண்டியது நாம்தான்.

செகண்ட் ஹாண்ட் வண்டி என்றால் இன்னும் மோசம். டெலிவரி எடுத்துப் பல மாதம் ஆகியும் பெயர் மாற்றாத வண்டிகள் ஊர் முழுக்க. ரீகால் கடிதம் போகும், முந்தைய ஓனர் 'நாமதான் வித்துட்டோமே' என்று குப்பையில் போடுவார். பிரேக் கோளாறு உள்ள வண்டியில் உங்கள் பெண் காலேஜுக்குப் போய்க்கொண்டிருப்பாள்.

எனக்கு ஒரு யோசனை உண்டு. வண்டிக் கடன் கோப்பில் சேசிஸ் நம்பர் இருக்கிறது, வாடிக்கையாளரின் இன்றைய மொபைல் நம்பரும் இருக்கிறது. கே.ஒய்.சி. என்று நாங்கள் விடாமல் கேட்டு வாங்குகிறோமே! ரீகால் பட்டியல் வங்கிகளுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் வந்தால், கடிதம் திரும்பிப் போன ஓனர்களில் பாதிப் பேரையாவது நாங்கள் பிடித்துக் கொடுத்துவிடுவோம். யாராவது மேலிடத்தில் இருப்பவர்கள் படித்தால் யோசிக்கட்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது:

1. உங்கள் ஆர்.சி.யில் 17 எழுத்து, எண் கொண்ட சேசிஸ் நம்பர் இருக்கும். தயாரித்த கம்பெனியின் வெப்சைட்டில் அதைப் போட்டு ரீகால் இருக்கிறதா என்று பாருங்கள், அல்லது சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ரீகால் வேலைக்குக் காசு கிடையாது.

2. ஆர்.சி., இன்ஷூரன்ஸ், கம்பெனி சர்வீஸ் ரிஜிஸ்தர் மூன்றிலும் இன்றைய விலாசமும் மொபைல் நம்பரும் இருக்கட்டும்.

3. பழைய வண்டி வாங்கினால் பெயர் மாற்றாமல் சாவி வாங்காதீர்கள். விற்றாலும் அப்படியே.

4. ரிசார்ட்டில் குவாட் பைக் ஏறும் முன் ஸ்டிக்கரைப் படியுங்கள். ஒருவர் மட்டும், பதினாறு வயதுக்கு மேல் என்று போட்டிருந்தால் அது அலங்காரத்துக்கு ஒட்டியது அல்ல. அந்த வரிக்குப் பின்னால் ஒரு கோர்ட் வழக்கும் பல நூறு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஸ்டிக்கரே இல்லாத வண்டியில் பிள்ளையை ஏற்றாதீர்கள்.

5. விபத்து நடந்துவிட்டால் கம்பெனி பெயர், மாடல், நடந்த விதம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். நாமும் எண்ணினால்தான் எண்ணிக்கை வரும்.

உங்களில் யாருக்காவது ரீகால் கடிதம் வந்திருக்கிறதா? எந்த ஊர் விலாசத்துக்கு வந்தது, எத்தனை நாள் கழித்து உங்கள் கைக்குக் கிடைத்தது என்று எழுதுங்கள். அடுத்த பதிவில், டி.என். வண்டியைத் தெலங்கானாவுக்கு மாற்ற என்னென்ன காகிதம் வேண்டும் என்று விவரமாக எழுதுகிறேன்.